பெரிய கமாடோ இருக்கும் வீட்டுக்குச் சிறியது ஒன்றும் வேண்டுமா: அளந்து பார்த்து எடுத்த முடிவு

அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் எங்கள் வீட்டின் பின்முற்றத்தில் பல ஆண்டுகளாக ஒரு பிக் கிரீன் எக் கரியடுப்பு இருக்கிறது. அந்த நிறுவனம் ‘லார்ஜ்’ என்ற பெயரில் விற்கும் அளவு அது; கம்பித்தட்டின் விட்டம் 18.25 அங்குலம், எடை 162 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 73 கிலோ. நான்கு பேர் உள்ள வீட்டின் அன்றாடத் தேவைக்கு இது போதும் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனாலும் இதே வகையில் 13 அங்குலத் தட்டுள்ள சிறிய அடுப்பு ஒன்றையும் கூடவே வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் நெடுநாளாக மனத்தில் இருந்துவந்தது. சில நூறு டாலர் செலவு, முற்றத்தில் இன்னும் ஒரு கனமான பொருள், அதற்கென்று தனித் துணைக்கருவிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்பதால், கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட நினைத்தேன். அந்தச் சோதனைகளையும் அவற்றின் வழியே நான் வந்தடைந்த முடிவையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இவ்வகை அடுப்பைப் பார்த்திராதவர்களுக்காகச் சில சொற்கள். தடித்த பீங்கான் சுவர் கொண்ட முட்டை வடிவ உடல், கீல் போட்ட மூடி, அடியில் ஒரு காற்றுவாய், உச்சியில் ஒரு காற்றுவாய், நடுவில் கரித்தொட்டி, அதற்கு மேல் கம்பித்தட்டு, இவ்வளவுதான் கமாடோ. உள்ளே போகும் காற்றின் அளவே தீயின் அளவு. இரண்டு வாய்களையும் மூடினால் தீ அணைந்து, எரியாமல் எஞ்சிய கரி அடுத்த சமையலுக்குக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக இவை இந்நாட்டுக்கு அறிமுகமாயின. எட் ஃபிஷர் 1974இல் பிக் கிரீன் எக்கைத் தொடங்கியது அட்லாண்டாவில்தான் என்பதால், எங்கள் பகுதியில் இந்தப் பச்சை அடுப்புகளைப் பல வீடுகளில் பார்க்கலாம். நண்பர் ஒருவர் தம்முடைய மினிமேக்ஸ் அடுப்பை, அதாவது அதே நிறுவனத்தின் 13 அங்குலத் தட்டுள்ள சிறிய அளவை, சில வாரங்களுக்கு என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு அவை பரவலாக இருந்தது இந்தச் சோதனைக்குப் பெரிய உதவியாக அமைந்தது.

சிறிய அடுப்பு வாங்க விரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்களை எழுதிப் பார்த்தபோது நான்கு தெரிந்தன: கரி குறைவாகச் செலவாகும், வேலைநாள் மாலையில் விரைவாகச் சூடேறும், ஏரிக்கரைக்கோ பூங்காவுக்கோ எடுத்துச் செல்லலாம், ஒரே நேரத்தில் இரண்டு வேறு வெப்பநிலைகளில் சமைக்கலாம். முதல் மூன்றும் எல்லோரும் எளிதில் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் என்பதால் அவற்றைத்தான் முதலில் சோதித்தேன்.

கரிக் கணக்கைச் சமையலறைத் தராசில் தொடங்கினேன். தொட்டியில் போடும் கரியை எடை போட்டு எழுதிக்கொண்டு, சமையல் முடிந்ததும் இரு காற்றுவாய்களையும் மூடி, மறுநாள் முற்றிலும் ஆறிய பிறகு எஞ்சிய கரியைச் சாம்பல் உதறி மீண்டும் எடை போட்டேன். எட்டுக் கோழித்தொடைத் துண்டுகளை 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 204 டிகிரி செல்சியஸில், உள்வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வரை வேகவைத்து எடுக்கும் ஒரு சாதாரண மாலைச் சமையலுக்குப் பெரிய அடுப்பில் ஏறத்தாழ அரைக் கிலோவும், நண்பரின் சிறிய அடுப்பில் கால் கிலோவுக்குச் சற்று மேலும் செலவாயின. வேறுபாடு 200 கிராம். நான் வாங்கும் மரக்கரி கிலோ 3 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாலைக்கு 60 சென்ட். வாரம் இரண்டு மாலை சமைத்தாலும் ஆண்டுக்கு 60 டாலரை ஒட்டியே வரும். புதிய அடுப்பின் விலையை இந்த மிச்சத்தால் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பெரிய அடுப்பின் எடையில் 60 கிலோ பீங்கான் என்று கொள்வோம். ஒரு கிலோ பீங்கானை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.9 கிலோஜூல் வேண்டும். உட்சுவர் மிகச் சூடாகவும் வெளிச்சுவர் கை வைத்து எடுக்கும் அளவிலும் இருப்பதால், சராசரியாக 100 டிகிரி செல்சியஸ் உயர்வு என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 5,400 கிலோஜூல் ஆகிறது. நல்ல மரக்கரி ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30,000 கிலோஜூல் தரும். ஆக, அவ்வளவு பெரிய பீங்கான் உடலைச் சூடாக்குவதற்கே 180 கிராம் கரி போதும். மினிமேக்ஸின் மொத்த எடை 76 பவுண்டு. அதன் பீங்கானுக்கு இதில் பாதிக்கும் குறைவாகவே தேவைப்படும். மீதி வேறுபாடு சுவர் வழியாகவும் புகை வழியாகவும் வெளியேறும் வெப்பத்தில் இருக்கிறது. தோராயமான கணக்குத்தான், ஆனால் தராசு காட்டிய எண்ணோடு இது பொருந்தி வந்ததால் கரிச் சிக்கனத்தை ஒரு காரணமாகக் கருதுவதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரிய அடுப்பையே சிறியதைப் போல நடத்த முடியுமா என்றும் பார்த்தேன். கரித்தொட்டிக்குள் வைக்கும் எஃகுக் கூடை ஒன்று என்னிடம் உண்டு. அதன் நடுவில் தடுப்பு ஒன்றைப் பொருத்தி ஒரு பாதியில் மட்டும் கரி நிரப்பினால் தீ அந்தப் பாதியிலேயே நிற்கிறது. கம்பித்தட்டை ஒரு தீச்செங்கல் உயரம் தூக்கி மூடி விளிம்புக்கு மேலே கொண்டுவந்தால் மீனையும் காய்களையும் திருப்ப வசதியாகவும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் கரிச் செலவு மேலும் குறைந்து சிறிய அடுப்பின் அளவை நெருங்கிவிட்டது. ஏற்கெனவே பெரிய கமாடோ வைத்திருப்பவர்கள், கரி வீணாகிறது என்ற ஒரே எண்ணத்தால் சிறியதைத் தேடுகிறார்கள் என்றால், முதலில் இந்தத் தடுப்பை வாங்கிப் பார்க்குமாறு அழுத்திச் சொல்வேன். செலவு மிகக் குறைவு. பலன் அன்றே தெரியும்.

அடுத்தது நேரம். பெரியது பற்றவைத்ததிலிருந்து 350 டிகிரிக்கு (இனி வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான்) வந்து அங்கேயே நிலைக்க அரைமணி நேரத்தை நெருங்குகிறது. சிறியது ஏறத்தாழ கால்மணி நேரத்தில் அந்த எண்ணைத் தொடுகிறது. ஆனால் மூடியில் உள்ள வெப்பமானி காட்டுவது பாதிச் செய்திதான். புதிதாகப் பற்றிய கரி முதலில் கனத்த வெண்புகையை விடும்; அந்தப் புகையில் உணவை வைத்தால் கசப்பு ஏறும். புகை மெலிந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வரும் வரை இரண்டு அடுப்பிலும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பையும் சேர்த்தால் மிச்சம் பத்து நிமிடம் போலத்தான் வந்தது. வேலைநாள் மாலையில் பத்து நிமிடம் மதிப்புள்ளதுதான். ஆனாலும் அரிசி ஊறி வெந்து முடிவதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும் வீட்டில், அடுப்பு தாமதமானதால் சாப்பாடு தாமதமாயிற்று என்று சொல்ல முடியவில்லை.

எடுத்துச் செல்வதைப் பற்றி விரைவாகவே சொல்லிவிடலாம். மினிமேக்ஸின் 76 பவுண்டு என்பது 34 கிலோவுக்கு மேல். தாங்குசட்டத்தோடு சேர்த்தால் இன்னும் கூடும். இரண்டு பேர் சேர்ந்து காரின் பின்புறத்தில் ஏற்றி இறக்கலாம். லேனியர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். போகும்போது சிக்கல் இல்லை. திரும்பும்போதுதான் பீங்கான் ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது, ஏனெனில் தீ அணைந்து வெகுநேரம் கழித்தும் உட்புறம் சுடும் நிலையில் இருக்கும் அடுப்பைக் காருக்குள் வைப்பது ஆபத்து. உள்ளே கனல் சிறிதளவு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும் என்பதையும் மறக்கலாகாது. கால்பந்தாட்ட மைதானத்து வாகன நிறுத்தத்தில் நாள் முழுவதும் கழிப்பவர்களுக்கு இது ஒத்துவரலாம். குழந்தைகளோடு மாலைக்குள் வீடு திரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கு மெல்லிய தகட்டாலான சாதாரணக் கரியடுப்பே ஏற்றது. 39 பவுண்டு எடையுள்ள ‘மினி’ என்ற மிகச் சிறிய அளவும் உண்டு. அதைத் தனியாளாகத் தூக்கலாம்; ஆனால் அதன் தட்டு 10 அங்குலம்தான், இருவருக்கு மேல் சமைப்பது கடினம்.

இவ்வாறு முதல் மூன்று காரணங்களும் வலுவிழந்த பிறகு நான்காவது ஒன்றுதான் எஞ்சியது. இந்தப் பதிவில் நான் கூடுதலாக எழுத விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

கமாடோ மிக எளிதாகச் சூடேறும். மிக மெதுவாகத்தான் ஆறும். 250 டிகிரியிலிருந்து 600 டிகிரிக்குக் காற்றுவாய்களைத் திறந்தே கொண்டுபோய்விடலாம். ஆனால் 600 டிகிரியில் ஊறிய பீங்கானை மீண்டும் 300க்கு இறக்க, காற்றை முழுக்க அடைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் தீயே அணைந்துபோகவும் கூடும். எனவே ஒரே அடுப்பில் சமைப்பவர் எப்போதும் தாழ்வெப்பத்தில் தொடங்கி உயர்வெப்பத்தில் முடிக்கும் வரிசைக்குக் கட்டுப்பட்டவர். விருந்தில் முதலில் பரிமாற வேண்டியவை பெரும்பாலும் உயர்வெப்பத்தில் விரைவாகச் சுடப்படுபவை: கம்பியில் கோத்த கோழித்துண்டுகள், இறால், மசாலா தடவிய வாவல் மீன். அவற்றைத் தொடர்ந்து வர வேண்டிய ஆட்டுத்தொடையோ முழுக்கோழியோ தாழ்வெப்பத்தில் நெடுநேரம் வேக வேண்டியவை. பசியோடு வரும் விருந்தினரின் வரிசையும் பீங்கான் விரும்பும் வரிசையும் நேரெதிராக அமைந்துவிடுகின்றன.

தாழ்விலிருந்து உயர்வுக்குப் போகும் வரிசையிலும் ஓர் இடர் உண்டு. மெதுவாக வேகவைக்கும்போது தீக்கும் உணவுக்கும் நடுவே மூன்று கால்களுள்ள பீங்கான் தடுப்புத்தட்டு ஒன்றை வைக்கிறோம். இறைச்சியின் மேற்புறத்தை இறுதியில் நேர்த்தீயில் பொரிக்க வேண்டுமானால், கொழுப்பு சொட்டிக் கொதிக்கும் நிலையில் உள்ள அந்தத் தட்டை வெளியே எடுத்து எங்காவது வைத்தாக வேண்டும். தடித்த கையுறையோடு எடுத்து, கான்கிரீட் தரையில் இதற்கென்றே விட்டிருக்கும் இடத்தில் வைத்து, குழந்தைகள் அந்தப் பக்கம் வராதபடி ஒருவரை நிறுத்தி, பிறகு தீ ஏறும் வரை பதினைந்து நிமிடம் காத்திருந்து ஸ்டேக் எனும் தடித்த இறைச்சித் துண்டுகளைப் போடுவேன். அடுத்த சுற்று இறைச்சி மெதுவாக வேக வேண்டும் என்றால் அதற்கு வழியே இல்லை.

இதற்கும் செலவில்லாத மாற்று ஒன்றைச் சோதித்தேன். கரியைப் பற்றவைக்க உதவும் தகரச் சிம்னியில் பாதிக்கு மேல் கரி நிரப்பி, அது முழுக்கக் கனன்று மேலே செந்நிறம் தெரியும் நேரத்தில் ஒரு சிறிய கம்பித்தட்டை அதன் வாயில் வைத்தால், மிகக் கடுமையான வெப்பம் கிடைக்கிறது. பெரிய அடுப்பில் 120 டிகிரி ஃபாரன்ஹீட் உள்வெப்பம் வரை மெதுவாக வெந்த ஸ்டேக்கை இதன் மேல் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலே நல்ல பொரிந்த மேற்புறம் அமைந்துவிடுகிறது. ஸ்டேக்குக்கு மட்டும்தான் இரண்டாம் தீ தேவை என்றால் சிறிய அடுப்பு வாங்கத் தேவையில்லை, சிம்னி போதும். ஆனால் மூடியில்லாத அந்தக் கடுந்தீயில் கோழியும் மீனும் காய்களும் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கின்றன. ஒரு நேரத்தில் ஒரே துண்டுதான் வைக்க முடியும் என்பதும் ஒரு குறை.

எங்கள் வீட்டின் தேவை அங்கே நிற்கவில்லை. வார இறுதிகளில் கூடும் தமிழ்க் குடும்பங்களில் பாதிக்குப் பாதி சைவம். அவர்களுக்காகச் சோளக்கதிர், குடைமிளகாய், பனீர், சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்கான கத்தரிக்காய் எல்லாவற்றையும் கரியில் சுட்டுத்தர எனக்கு மிகுந்த விருப்பம் உண்டு. கரியில் சுட்ட கத்தரிக்காயின் மணம் மின்னடுப்பில் வரவே வராது. பெரிய அடுப்பில் அரைவட்டக் கம்பித்தட்டுகளை வைத்துப் பாதியைச் சைவத்துக்கென்று ஒதுக்கலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். தட்டைப் பிரிக்கலாம், மூடிக்குள் சுழலும் புகையையும், பல ஆண்டுகளாக உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்பையும் பிரிக்க முடியாது. விருந்தினர் எவரும் முகம் சுளித்ததில்லை. முதலில் காய்களைச் சுட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு இறைச்சியை ஏற்றினால் சரி என்று பெருந்தன்மையோடு சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒருவர் தம் வீட்டில் காத்துவரும் ஒழுங்கை என் வீட்டில் தளர்த்திக்கொள்ள வேண்டிய நிலைக்கு அவரைக் கொண்டுவருவது விருந்தோம்பல் ஆகாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இறைச்சியே ஏறாத ஓர் அடுப்பு, முழுக்கச் சைவத்துக்கு மட்டும் என்று இருந்தால் இந்தக் கேள்வி எழாது. சிறிய அடுப்பை வாங்க வேண்டும் என்ற பக்கம் என் மனம் சாய்ந்தது இந்த இடத்தில்தான்.

சைவத்துக்கென்று தனித்தீ வேண்டுமென்றால் அது பீங்கானாகத்தான் இருக்க வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொண்டேன். ஹிபாச்சி எனும் மூடியில்லாத சிறிய வார்ப்பிரும்புக் கரியடுப்பு பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். கம்பியில் கோத்த பனீருக்கு அது மிக நன்றாக இருக்கும். ஆனால் முழுக் கத்தரிக்காய் தோல் கருகி உள்ளே குழைய வேண்டுமானால் மூடிய வெப்பம் வேண்டும். இலையோடு வைக்கும் சோளக்கதிருக்கும் அப்படியே. பீட்சாவும் நான் ரொட்டியும் சுடுவதற்குக் கல்லும் மேலிருந்து திரும்பி இறங்கும் வெப்பமும் தேவை. மேலும், திறந்த அடுப்பில் போட்ட கரி முழுவதும் எரிந்து தீரும் வரை ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். கமாடோவில் இரு வாய்களையும் மூடிவிட்டுச் சாப்பிட உட்காரலாம். இவையெல்லாம் சேர்ந்துதான் பீங்கான் என்ற முடிவுக்கு வந்தேன்.

நண்பரின் மினிமேக்ஸில் சமைத்துப் பார்த்ததில் தெரிந்தவை வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 13 அங்குலத் தட்டின் பரப்பு ஏறத்தாழ 133 சதுர அங்குலம். பெரியதன் 262 சதுர அங்குலத்தில் சரிபாதி. எண்ணிக்கையில் சொன்னால் எட்டுக் கோழித்தொடைத் துண்டுகள் நெருக்கமாக அமர்கின்றன. முதுகெலும்பை நீக்கி விரித்த 4 பவுண்டுக் கோழி ஒன்று அடங்குகிறது. நடுத்தரக் கத்தரிக்காய் ஐந்து அல்லது ஆறு வைக்கலாம். எலும்போடு கூடிய முழு ஆட்டுத்தொடை அடங்காது. மூடி தாழ்வாக இருப்பதால் வெப்பமானியின் முள் உணவில் குத்துகிறது. அப்போது அது காட்டுவது காற்றின் வெப்பத்தை அல்ல, கோழியின் வெப்பத்தை. வெளிப்புறத்தில் முள்ளின் அடியில் துளையிட்ட ஒரு தக்கையைச் செருகினால் முள் உள்ளே நீளும் அளவு குறைந்து இந்தச் சிக்கல் தீர்கிறது.

காற்றுவாய்களைக் கையாள்வதுதான் பெரிய வேறுபாடு. பெரிய அடுப்பில் அடிவாயை ஒரு விரற்கடை திறந்தோமா அதைவிடச் சற்றுக் குறைவாகத் திறந்தோமா என்பது பெரிதாகத் தெரியாது. பீங்கானின் நிறை அந்தச் சிறு பிழையை விழுங்கிவிடும். சிறியதில் அதே அளவு நகர்த்தல் 50 டிகிரி ஏற்றத்தைக் கொண்டுவரும். 350 டிகிரியில் நிறுத்த அடிவாயைத் தீக்குச்சியின் தடிமன் அளவில் சிறுகச் சிறுகத்தான் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு ஐந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். 225 டிகிரியில் நெடுநேரம் நிறுத்துவது முடியாத காரியமன்று. ஆனால் கரித்தொட்டி சிறியது என்பதால் இரவு முழுவதும் நம்பிவிட்டுத் தூங்க முடியாது. தடுப்புத்தட்டை வைத்த பிறகு நடுவில் கரி சேர்ப்பதும் எளிதன்று. அடித்தட்டின் துளைகள் குறைவு என்பதால் சாம்பல் விரைவில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சமையலுக்கு முன்பும் கிளறிச் சாம்பலை வெளியே எடுக்க வேண்டும். அழுத்திச் செய்த பிரிக்கெட் கரி கூடுதல் சாம்பல் விடுவதால் சிறிய கமாடோவுக்கு அது ஏற்றதன்று. துண்டு மரக்கரியே நல்லது.

எந்த அளவை வாங்குவது என்ற கேள்வியில் மூன்று அடுப்புகள் போட்டியில் இருந்தன. பிக் கிரீன் எக்கின் ‘ஸ்மால்’ அளவும் மினிமேக்ஸும் ஒரே 13 அங்குலத் தட்டைக் கொண்டவை. ஸ்மால் உயரமானது, அதன் தட்டு விளிம்புக்குக் கீழே உட்புறமாக அமர்கிறது. மினிமேக்ஸ் குள்ளமாகவும் அகன்றும் இருக்கும். தட்டு விளிம்பை ஒட்டி இருப்பதால் கரண்டியைச் சாய்க்காமல் நேராக நுழைத்துத் திருப்பலாம். காய்களையும் நான் ரொட்டியையும் அடிக்கடி திருப்ப வேண்டிய என் தேவைக்கு இது மிக முக்கியம். மூன்றாவது, வேறொரு நிறுவனத்தின் கமாடோ ஜோ ஜூனியர்; அதன் தட்டு 13.5 அங்குலம், எடை 68 பவுண்டு. கடையில் தொட்டுப் பார்த்ததில் அதன் கட்டமைப்பு திருத்தமாக இருந்தது. அதை வாங்கியிருந்தாலும் குறையேதும் இருந்திருக்காது. மினிமேக்ஸின் பாகங்கள் எங்கள் ஊரில் நாலைந்து கடைகளில் கையிருப்பில் கிடைப்பதும், நான் சில வாரம் பழகிய அடுப்பு அதுவே என்பதும் சேர்ந்து அதைத் தேர்ந்தெடுக்கச் செய்தன.

பழைய அடுப்புகளையும் பார்த்தேன். பார்க்கும்போது முதலில் கரித்தொட்டியை வெளியே எடுத்துவிட்டு அடியுடலின் உட்புறத்தை விளக்கடித்துப் பார்க்க வேண்டும். கரித்தொட்டியில் ஒரு விரிசல் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பலமுறை சூடேறி ஆறுவதால் அது வருவதுண்டு, அடுப்பு தொடர்ந்து வேலை செய்யும், தொட்டியைத் தனியாக மாற்றவும் செய்யலாம். அடியுடலிலோ மூடியிலோ சுவரை ஊடுருவும் விரிசல் இருந்தால் வாங்கலாகாது. மேற்பூச்சில் வலைபோலத் தெரியும் மெல்லிய கோடுகள் பூச்சின் இயல்பு. விளிம்பிலுள்ள கம்பளிப் பட்டை தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது ஒரு பிற்பகல் வேலைதான். ஆனால் பீங்கானுக்கான வாழ்நாள் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கே உரியது, இரண்டாம் கைக்கு வராது. அதைவிட, சைவத்துக்கென்று ஒதுக்கப் போகும் அடுப்பை இறைச்சிக் கொழுப்பு படிந்த நிலையில் பிறரிடமிருந்து வாங்குவதில் பொருளே இல்லை. இதே காரணத்தால், பிக் கிரீன் எக் நிறுவனம் அட்லாண்டாப் பகுதியில் நடத்தும் எக்டோபர்ஃபெஸ்ட் விழாவில் ஒருநாள் சமையலுக்குப் பயன்படுத்திய அடுப்புகளைத் தள்ளுபடியில் விற்கும் வழியையும் விட்டுவிட்டேன். இறைச்சிக்கே பயன்படுத்தப் போகிறவர்களுக்கு அது மிக நல்ல வாய்ப்பு. நான் புதியதையே வாங்கினேன்.

வந்ததும் மூடியைத் தாங்கும் உலோகப் பட்டைகளின் திருகுகளை இறுக்கினேன். முதல் சில சமையல்களில் வெப்பத்தை 350 டிகிரிக்குள் வைத்திருந்து, கம்பளிப் பட்டையின் பசை நன்றாகப் பிடித்துக்கொள்ள விட்டேன். பிறகு திருகுகளை மீண்டும் இறுக்கினேன். இந்தப் பட்டைகள் தளர்ந்திருக்கும்போது மூடியைத் தூக்கினால் பீங்கான் நழுவி விழக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடலாகாது. மரத்தாலான மேடையில் வைக்காமல், கான்கிரீட் பலகைக்கல் மேல் தாங்குசட்டத்தோடு வைத்திருக்கிறேன். அடிவாயிலிருந்து தீப்பொறி விழுவதுண்டு, மரம் பற்றிக்கொள்ளும். பெரியது 162 பவுண்டு எடையோடு தரைமட்ட வண்டியில் நிற்க, சிறியதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், சுவரிலிருந்து தள்ளி அமைத்திருக்கிறேன். 400 டிகிரிக்கு மேல் இருக்கும்போது மூடியை இரண்டு அங்குலம் மட்டும் தூக்கிச் சில நொடி காற்று உள்ளே போகவிட்டுப் பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். காற்றுக்கு ஏங்கியிருக்கும் தீ சட்டென்று வெளியே பாயும் இயல்பு சிறியதில் இன்னும் கூடுதலாகவே தெரிகிறது, ஏனெனில் முகமும் கையும் தீக்கு அருகில் இருக்கின்றன.

இப்போது விருந்து நாளின் ஒழுங்கு இப்படி: காலையிலேயே பெரியதில் 250 டிகிரியில் ஆட்டுத்தொடை ஏறிவிடும். விருந்தினர் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு சிறியதைப் பற்றவைத்து, முதலில் நேர்த்தீயில் பனீரையும் குடைமிளகாயையும் சுட்டுப் பரிமாறி, தீ சற்றுத் தணிந்த பிறகு கத்தரிக்காயையும் சோளத்தையும் வைத்து மூடிவிடுவேன். நன்றி தெரிவிக்கும் நாளில் வான்கோழி பெரியதை முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளும்போதும் சைவ உணவு காத்திருக்க வேண்டியதில்லை. கரண்டி, இடுக்கி, எண்ணெய்த் தூரிகை எல்லாம் சிறியதற்கெனத் தனியாக, பச்சை நாடா சுற்றி வைத்திருக்கிறோம். அசைவத்தை உயர்வெப்பத்தில் சுட்டுத் தொடங்கும் அந்தப் பழைய சிக்கலுக்குச் சிறிய அடுப்பைப் பயன்படுத்துவதில்லை என்பதால், கோழித்துண்டுகளும் மீனும் இப்போதும் பெரியதன் வரிசைக்குக் கட்டுப்பட்டே இருக்கின்றன, ஸ்டேக்குக்குச் சிம்னிதான். இதை முன்பே எண்ணித்தான் முடிவெடுத்தேன்.

கரி வாங்குவதில் ஒரு சிறு மாற்றம் வந்திருக்கிறது. 20 பவுண்டு மூட்டையைப் பிரித்ததும் கரியைத் தரம் பிரித்துவிடுகிறேன்: முழங்கை நீளத் துண்டுகளும் முட்டிப் பருமன் துண்டுகளும் பெரியதற்கு, எலுமிச்சை அளவுத் துண்டுகள் சிறியதற்கு. பெரிய துண்டுகளைச் சிறிய தொட்டியில் போட்டால் இடையில் வெற்றிடம் விழுந்து தீ ஒரு மூலையிலேயே நின்றுவிடுகிறது. மூட்டையின் அடியில் சேரும் பொடியை இரண்டிலும் போடுவதில்லை, அது காற்றை அடைத்துவிடும்.